மறியற்சாலைக்குள் பிறந்த அழைத்தல்



ஆண்டுதோறும் தை மாதம் 31ஆம் திகதி புனித தொன் பொஸ்கோவின் திருநாளைத் திருச்சபை கொண்டாடுகிறது. கறுப்பு அங்கி, சிரித்த முகம், சுற்றிவரச் சிறுவர் கூட்டம். இந்தப் படத்தை உங்களில் பலர் வீட்டுச் சுவரிலும் செபப் புத்தகத்தின் நடுவிலும் வைத்திருப்பீர்கள். பாடசாலைகளின் பாதுகாவலர் என்றும், விளையாட்டுப் பிள்ளைகளின் நண்பர் என்றும் அவரை அறிவீர்கள். ஆனால் அவருடைய வாழ்நாள் பணி உருவெடுத்த இடம் எதுவென்று கேட்டால், எத்தனை பேர் சரியாக விடை சொல்வீர்கள்? அது இத்தாலி நாட்டின் தூரின் நகரத்து மறியற்சாலை. குற்றஞ் செய்து அடைபட்ட சிறுவர்களைக் கம்பிகளுக்குப் பின்னால் கண்ட அன்றுதான் தமது வேலை எதுவென்று அந்த இளங்குரு தெரிந்துகொண்டார்.

மறியலுக்குப் போன பிள்ளையைப் பற்றிப் பேசவே எங்கள் குடும்பங்கள் கூசுகின்ற இக்காலத்தில், அவருடைய வாழ்க்கையின் இந்தப் பக்கத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

தந்தையற்ற பிள்ளை

யோன் பொஸ்கோ 1815ஆம் ஆண்டு ஆவணி மாதம் 16ஆம் திகதி, வட இத்தாலியில் கஸ்தெல்நுவோவோ என்னும் ஊரைச் சேர்ந்த பெக்கி என்ற சிறு குக்கிராமத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தகப்பனை இழந்தார். தாய் மார்கரீத்தா எழுத வாசிக்கத் தெரியாத குடியானவப் பெண். ஆயினும் ஞானோபதேசத்தை மனப்பாடமாய் அறிந்தவர். பஞ்சக் காலத்தில் மாமியாரையும் மூன்று ஆண் பிள்ளைகளையும் தாமே உழைத்துக் காப்பாற்றினார். மூத்த தாரத்து மகன் அந்தோனியோவுக்குத் தம்பி படிப்பது பிடிக்கவில்லை. வீட்டில் சண்டை முற்றவே, தாய் யோனைப் பன்னிரண்டு வயதளவில் வெளியூர்ப் பண்ணையொன்றில் வேலைக்காரப் பையனாக அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வயதில் அவரும் வழிதவறியிருக்கலாம். வழிதவறும் பிள்ளைகளைப் பிற்காலத்தில் அவர் புரிந்துகொண்டதற்கு இது ஒரு காரணம்.

ஒன்பது வயதில் கண்ட கனவொன்றை அவர் கடைசிவரை மறக்கவில்லை. சண்டையிட்டுத் தூஷணம் பேசிய சிறுவர் கூட்டத்தை அடித்து அடக்க அவர் பாய்ந்தபோது, ஒளிமயமான ஒருவர் தோன்றி, அடியாலல்ல, சாந்தத்தாலும் அன்பாலுமே இவர்களை நண்பராக்க வேண்டும் என்று கற்பித்தாராம். இதன் பொருள் அவருக்கு விளங்க வெகுகாலம் சென்றது.

கியேரி நகரில் தையற்காரரிடமும் தச்சரிடமும் கோப்பிக் கடையிலும் கைவேலை பழகிக்கொண்டே படித்தார். பின் குருமடம் புகுந்து, 1841ஆம் ஆண்டு ஆனி மாதம் 5ஆம் திகதி குருப்பட்டம் பெற்றார்.

கம்பிகளுக்குப் பின்னால் கண்டது

புதுக்குருவானவரைத் தூரின் நகருக்கு அழைத்துச் சென்றவர் அவருடைய ஊரவரான யோசேப்பு கஃபாசோ அடிகள். இவரும் பின்னர் புனிதரானவர். கூன் விழுந்த, சிறிய உருவம். ஆனால் மறியற்சாலைகளில் அவரை அறியாத கைதி இல்லை. புகையிலை, பழம், துணிமணி என்று எதையாவது கொண்டுபோவார். தூக்குத் தண்டனை பெற்ற ஏறத்தாழ 60 பேருடன் கடைசி நேரம்வரை உடன் நடந்தவர் இவர். 1948இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இவரை இத்தாலியச் சிறைகளின் பாதுகாவலராக்கினார்.

கஃபாசோ அடிகள் தம் மாணவரை மறியற்சாலைகளுக்குள் கூட்டிச்சென்றார். அங்கே தொன் பொஸ்கோ கண்டது அவரை உலுக்கியது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரையான சிறுவர் பெருந்தொகையாக அடைபட்டுக் கிடந்தார்கள். நல்ல தேகக்கட்டும் கூர்மையான புத்தியும் உள்ள பிள்ளைகள். ஆனால் செய்ய வேலை இல்லை. மூட்டைப்பூச்சியும் பேனும் அவர்களைத் தின்றன. வயிற்றுக்கும் ஆன்மாவுக்கும் அப்பம் இல்லை. பழகிய கள்வர்களின் நடுவே இருந்து, வந்தபோது தெரியாத தொழிலையும் படித்துக்கொண்டார்கள்.

இதைவிட இன்னொன்று அவர் நெஞ்சைத் தைத்தது. தண்டனை முடிந்து, இனி நல்லபடி வாழ்வோம் என்ற தீர்மானத்தோடு வெளியே போன பையன்கள் சில நாளில் அதே வாசலால் திரும்பி வந்தார்கள். அவர் விசாரித்துப் பார்த்தார். அவர்களுக்கு வெளியே யாரும் இருக்கவில்லை. வீடில்லை, வேலையில்லை, பேர் சொல்லிக் கூப்பிட ஒரு மனிதர் இல்லை. ஒரு நண்பர் வெளியே காத்திருந்து, ஞாயிறு தோறும் அவர்களைச் சேர்த்து, வேலை தேடிக்கொடுத்து, மறையறிவும் ஊட்டினால் இவர்களிற் பலர் திரும்பி வரமாட்டார்களே என்று சிந்தித்தார். கஃபாசோ அடிகளிடம் மனந்திறந்து பேசினார். சலேசிய சபை முழுவதும் இந்த ஒரு சிந்தனையிலிருந்து வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

வாசகர்களே, அக்காலத் தூரின் நகரைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1838இல் ஏறத்தாழ 117,000 ஆக இருந்த சனத்தொகை, பத்தே ஆண்டில் ஏறத்தாழ 137,000 ஆயிற்று. மலையூர்களிலிருந்து சிறுவர்கள் பிழைப்புத் தேடி வந்து குவிந்தார்கள். மேசன்மாருக்குக் கல் சுமந்தார்கள், புகைக்கூண்டு துடைத்தார்கள். இரவில் படுக்க இடமில்லை. ஒரு பாண் திருடியவன் மறியலுக்குப் போனான். அங்கிருந்து வந்தவன் கத்தி பிடித்தான்.

வாசலுக்கு வெளியே ஒரு வீடு

1841 மார்கழி 8, அமலோற்பவ மாதா திருநாள். புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயச் சங்கிறீத்தியில் குளிருக்கு ஒதுங்கிய பதினாறு வயது மேசன் பையன் ஒருவனை, பூசைக்கு உதவத் தெரியாதவன் என்று கோயிற் பணியாளன் அடித்துத் துரத்தினான். தொன் பொஸ்கோ அவனைத் திருப்பி அழைத்தார். பார்த்தலோமேயு கரெல்லி என்ற அந்த அநாதைப் பையனுக்கு அன்றே ஞானோபதேசம் தொடங்கினார். அடுத்த ஞாயிறு அவன் தோழர்களைக் கூட்டி வந்தான். மறியலிலிருந்து விடுதலையான பையன்களும் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் ஊர் அவர்களை வரவேற்கவில்லை. சத்தம் தாங்கமுடியாது என்று ஓரிடத்திலும், இடம் பாழாகிறது என்று வேறோரிடத்திலும் துரத்தினார்கள். நகர அதிகாரி கலகக் கூட்டமென்று சந்தேகித்தார். உடன் குருக்களிற் சிலர் அவருக்குச் சித்தசுவாதீனம் இல்லையென்றுகூட எண்ணினார்கள். கடைசியாக 1846ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று வல்தோக்கோவில் ஒரு பழைய கொட்டிலில் இடம் கிடைத்தது. அவ்வாண்டு கார்த்திகை மாதத்தில் தாய் மார்கரீத்தாவும் ஊரை விட்டு மகனோடு வந்து சேர்ந்தார். 1856இல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்து, கிழிந்ததைத் தைத்து, அவர்களுக்குத் தாயாய் இருந்தார்.

எல்லாம் இலேசாய் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இரவு தங்க இடங்கொடுத்த முதற் கூட்டத்துப் பையன்கள் விடியுமுன் போர்வைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். தொன் பொஸ்கோ கதவை மூடவில்லை. 1847 வைகாசியில் மழையில் நனைந்து வந்த ஓர் அநாதைப் பையனை ஏற்றுக்கொண்டார். அதிலிருந்து விடுதி வளர்ந்தது.

வேலைக்கு அனுப்பிய பிள்ளைகளுக்காக எழுத்துமூல ஒப்பந்தம் செய்தார். அடிக்கக்கூடாது, வாயால் மாத்திரம் திருத்த வேண்டும், தொழிலைச் சரியாகப் பழக்க வேண்டும், ஞாயிறும் திருநாளும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் கையொப்பம் வாங்கினார். 1852ஆம் ஆண்டின் அத்தகைய ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1853இல் சப்பாத்து வேலையும் தையலும், 1854இல் புத்தகம் கட்டுதலும், 1856இல் தச்சும் சொந்தத் தொழிற்கூடங்களாயின. 1854இல் நகரில் பேதி நோய் பரவி, பெற்ற பிள்ளைகளே நோயாளரை விட்டு ஓடிய வேளையில், வல்தோக்கோப் பிள்ளைகள் 44 பேர் நோயாளருக்குப் பணிவிடை செய்யப் புறப்பட்டார்கள். தெருப் பொடியன்கள் என்று ஊர் துரத்தியது இவர்களைப் போன்றவர்களைத்தான்.

ஜெனரலா சீர்திருத்தச் சாலை

1845இல் தூரின் நகருக்கு வெளியே, ஸ்துபினீஜி அரண்மனைக்குப் போகும் வழியில், இளங் குற்றவாளிகளுக்கென்றே அரசாங்கம் ஒரு சீர்திருத்தச் சாலையைத் திறந்தது. அதன் பெயர் ஜெனரலா. பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தது நல்ல முன்னேற்றந்தான். ஏறத்தாழ 300 பேர் அங்கே இருந்தார்கள். பகலில் வேலை, கடுமையான ஒழுங்கு, இரவில் பூட்டு. நீதிமன்றம் அனுப்பியவர்களோடு, அடங்காப் பிள்ளைகள் என்று சொந்தத் தகப்பன்மாரே கேட்டு அடைக்கப்பண்ணியவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதைப் பெற்றோர் கவனியுங்கள்.

தொன் பொஸ்கோ அங்கே அடிக்கடி போனார். அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களான சலேசியக் குருக்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். 1855இல் அங்கே அவர் தியானம் கொடுத்தார். பிள்ளைகள் நன்றாய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை பெற்றார்கள். அவர்களுக்கு ஒருநாள் உல்லாசப் பயணம் வேண்டுமென்று அவர் நிருவாகியைக் கேட்டார், நிருவாகி திகைத்துப்போனார். உள்நாட்டு அமைச்சர் உர்பானோ ரத்தாத்சியிடம் சென்றார். அதே ஆண்டில் துறவற மடங்களை மூடும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அந்த அமைச்சர். ஆயினும் தொன் பொஸ்கோவின் வேலையை மதித்தவர். மாறுவேடத்தில் காவலரை அனுப்புவதாக அவர் சொல்ல, தொன் பொஸ்கோ ஒரு காவலரும் வேண்டாம் என்றார். பிள்ளைகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டு அவர்களுடன் ஸ்துபினீஜிக்கு நடந்தார். விளையாட்டு, பூசை, நல்ல சாப்பாடு. மாலையில் எண்ணிப் பார்த்தபோது ஒருவரும் குறையவில்லை.

இதிலுள்ள உண்மையைச் சரியாய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஒரே நாளில் சம்மனசுகள் ஆகிவிடவில்லை. மறுநாளும் அவர்கள் கைதிகளே. ஆனால் தங்களை நம்பிய ஒருவரை ஏமாற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. முன்னமே பலமுறை வந்து, பேர் தெரிந்து, பேச்சுக் கேட்டு, துன்பம் அறிந்த ஒருவர் கேட்டதால்தான் அந்த வாக்குக்குப் பலமிருந்தது. புதிதாய் வந்த ஒருவர் கேட்டிருந்தால் கதை வேறாய் முடிந்திருக்கும்.

ஆட்கள் எங்கே?

தொன் பொஸ்கோவின் ஓயாத கவலை பணமன்று, ஆட்கள். ஆரம்பத்தில் உதவிக்கு வந்த குருக்களும் பொதுநிலையினரும் ஒவ்வொருவராய்ப் பிரிந்து போனார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு அவர் தனியே நின்றார். அப்பொழுது அவர் எடுத்த வழி எவரும் எதிர்பாராதது. அந்தப் பிள்ளைகளிலிருந்தே ஆட்களை உண்டாக்கினார். தாம் வளர்த்த மிக்கேல் ரூவாவையும் யோன் கலியேரோவையும் போன்ற பையன்களுக்குப் படிப்பித்து, சிறியவர்களைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். 1859 மார்கழி 18இல் சலேசிய சபை தொடங்கியபோது அதன் முதல் அங்கத்தவர்களிற் பெரும்பாலோர் இப்படி வளர்ந்தவர்களே.

அவர் எந்தச் சிறைச்சாலையையும் நடத்தியதில்லை. ஆனால் 1877இல் தமது வளர்ப்பு முறையைச் சிறு நூலாய் எழுதினார். அடுத்த ஆண்டு உள்நாட்டு அமைச்சர் கிறிஸ்பிக்கும் அது பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். பிள்ளை தவறும்வரை பார்த்திருந்து தண்டிப்பது ஒரு முறை. தவறாதபடி அருகில் இருந்து காப்பது இன்னொரு முறை. முதலாவது ஆளுகிறவர்களுக்கு இலேசு. இரண்டாவது பிள்ளைகளுக்கு நல்லது. இரண்டாவதற்கு அதிக ஆட்களும் அதிக பொறுமையும் வேண்டும். விளையாட்டு நேரத்திலும் அவர்கள் பிள்ளைகள் நடுவில் நிற்க வேண்டும். பகுத்தறிவு, சமயம், அன்பு என்ற மூன்று தூண்களில் இதை அவர் நிறுத்தினார்.

ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அவர் கண்டார். 1884 வைகாசியில் உரோமையிலிருந்து வல்தோக்கோ இல்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் சொந்த வீட்டிலேயே மேற்பார்வையாளர் பிள்ளைகளை விட்டு ஒதுங்கி நிற்பதையும், நம்பிக்கை குறைந்து ஒழுங்கு குலைவதையும் கண்டு வருந்தினார். பிள்ளைகளை நேசிப்பது போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்கள் உணர வேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம். நான்கு ஆண்டுகளின் பின், 1888 தை 31இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 1934ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

எங்கள் கரையில்

ஜெனரலா இருந்த இடத்தில் இன்றும் தூரின் நகரின் இளைஞர் சிறை இருக்கிறது. பெயர் மாத்திரம் மாறியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே கலகம் மூண்டு தீ வைக்கப்பட்டது. இட நெருக்கடியும் உத்தியோகத்தர் பற்றாக்குறையும் அப்போது பெரிதாய்ப் பேசப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டு சென்றும் கேள்வி மாறவில்லை.

எமது நாட்டில் இளங் குற்றவாளிகளுக்கான பயிற்சிப் பாடசாலைச் சட்டம் 1939இல் வந்தது. 16 முதல் 22 வயதுவரையானவர்களைப் பெரியவர்களோடு அடைக்காமல், தொழிலும் ஒழுக்கமும் பழக்கித் திருத்துவது அதன் நோக்கம். வத்துப்பிட்டிவலையிலும் நீர்கொழும்புக்கு அண்மையில் பல்லன்சேனையிலும் அத்தகைய நிலையங்கள் உண்டு. சட்டத்தின் நோக்கத்தைத் தொன் பொஸ்கோவே ஏற்றிருப்பார். ஆனால் சட்டம் பிள்ளையோடு பேசாது. மனிதர்தான் பேச வேண்டும். எமது மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு, அளவுக்கு மிஞ்சிய நெருக்கடியையும், ஆள் குறைவால் உத்தியோகத்தர் படும் சுமையையும் எடுத்துக்காட்டியது. இரண்டு மூன்று பேருடைய வேலையை ஒருவர் செய்யும்போது, எண்ணிக் கதவைப் பூட்டத்தான் அவருக்கு நேரமிருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் வீட்டில் பிள்ளை குட்டி உள்ளவரே.

இனி எங்கள் கரையை நினையுங்கள். கடலால் வரும் கஞ்சாவும் ‘ஐஸ்’ என்ற நஞ்சும் தலைமன்னார் முதல் சிலாவத்துறை வரை எந்தக் கடற்கரைக் கிராமத்துக்கும் ஆபத்தாகலாம். பெரிய முதலைகள் தப்பிக்கொள்ள, பொதியைக் கைமாற்றிய பொடியன் அகப்படுகிறான். பேசாலையிலுள்ள ஒரு தாய் பல்லன்சேனைக்குப் போய் மகனைப் பார்ப்பதென்றால் ஒரு நாள் உழைப்பும் பஸ் காசும் போகும். மொழி தெரியாத இடத்தில் யாரிடம் என்ன கேட்பது என்றும் அவருக்குத் தெரியாது. ஊரில் அவர் முகங்கொடுத்து நடக்க முடியாது. மகன் விடுதலையாகி வந்தால் வள்ளத்தில் ஏற்றிக்கொள்ள ஆளில்லை. இளைஞர் மன்றத்தில் இடமில்லை. கோயிலில் பக்கத்து வாங்கில் இருப்பவரும் சற்றுத் தள்ளி இருக்கிறார். அவனைக் கைநீட்டி வரவேற்க யார் காத்திருக்கிறார்கள்? முன்பு அவன் கையில் பொதியைக் கொடுத்தவனே.

இங்கேதான் தொன் பொஸ்கோ உங்களை அழைக்கிறார். மறியற்சாலைக்கு ஆட்களை நியமிப்பது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்பது எங்கள் உரிமை. ஆனால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவர்களை அரசாங்கம் நியமிக்கமாட்டாது. அந்த வேலை பங்குக்கு உரியது. அந்தத் தாய் மகனைப் பார்க்கப் போகும் நாளில் சிங்களம் தெரிந்த ஒருவர் துணைக்குப் போகலாம். வின்சென்ட் டி போல் சபையார் பஸ் காசுக்கு வழி செய்யலாம். விடுதலை நாளுக்கு முன்பே பங்குத்தந்தை மூலம் நன்னடத்தை உத்தியோகத்தருடன் பேசி, அவனுக்கு என்ன வேலை, எங்கே தங்குவான் என்று தீர்மானிக்கலாம். வலை, இயந்திரம், மேசன் வேலை தெரிந்த ஒருவர் ஆறு மாதம் அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளலாம். எங்கள் முருங்கனில் சலேசிய சபையார் இளைஞருக்குத் தொழில் பழக்கி வருகிறார்கள், அங்கே விசாரிக்கலாம். பெற்றோரே, இன்னும் அகப்படாத பிள்ளைக்கு இதைவிட முந்திய மருந்து ஒன்றுண்டு. மாலையில் அவன் எங்கே நிற்கிறான், யாரோடு நிற்கிறான் என்று அறிந்து, அவனோடு இருந்து சாப்பிடுங்கள்.

போர்வையைத் திருடிக்கொண்டு ஓடியவர்களின் பின்னும் தொன் பொஸ்கோ கதவைத் திறந்தே வைத்தார். நீங்கள் உதவும் பிள்ளையும் ஒருமுறை ஏமாற்றக்கூடும். அப்போது மனம் விட்டுவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு செபமாலை சொல்லும்போது மறியலில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைக் காக்கும் உத்தியோகத்தருக்காகவும் ஒரு பத்து மணி ஒப்புக்கொடுங்கள். பின் உங்கள் பங்கில் அப்படி ஒரு பிள்ளையின் வீடு இருந்தால், பூசை முடிந்து போகும் வழியில் அந்தப் படலையைத் தட்டி உள்ளே போய்ச் சுகம் விசாரியுங்கள்.